பாப்பா என்றொரு பெயர்

1989 சட்டப்பேரவைத் தேர்தலில் திருவெறும்பூர் தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளரின் பெயர் பாப்பா உமாநாத். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. பல முறை சிறை சென்றவர், தலைமறைவாக வாழ்ந்தவர், மாதர் இயக்கத்தைக் கட்டியவர். பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் தனலட்சுமி. அந்தப் பெயரைச் சொன்னால் திருச்சியில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. "பாப்பா" என்றால் பொன்மலையில் பேச்சு நின்று ஒரு புன்னகை வரும். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும்போதும் மக்கள் பாப்பா என்றே சொல்லி ஓட்டுப் போட்டார்கள்.

இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்த பெயர். எங்கள் குடும்பத்திலும் ஒரு பாப்பா உண்டு. தமிழ்நாட்டில் எந்த ஊரின் வாக்காளர் பட்டியலை எடுத்தாலும் ஒரு பாப்பா, ஒரு பாப்பம்மாள், ஒரு பாப்பாத்தி, கொங்குப் பக்கமென்றால் ஒரு பாப்பாயி கண்ணில் படாமல் போகாது. அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பெயர் மட்டும் தொட்டிலைவிட்டு இறங்காமல் இருக்கிறது. இது எப்படி நடந்தது, இந்தப் பெயரோடு பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் யார் என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இப்படி ஒரு பெயர் ஏன் தேவைப்பட்டது என்பது. நம் வீடுகளில் தலைப்பிள்ளைக்குப் பாட்டன் பாட்டியின் பெயரை வைப்பது வழக்கம். மூத்த பெண் குழந்தை என்றால் பெரும்பாலும் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். பெயர் வைத்தாகிவிட்டது, அதைச் சொல்லிக் கூப்பிடுவது யார்? பிள்ளையைப் பெற்றவள் கூப்பிட முடியாது. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கோபத்தில் திட்ட முடியாது, தெருவில் விளையாடும் பிள்ளையைச் சத்தம் போட்டு அழைக்க முடியாது. மாமியார் உயிரோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். கணவரின் பெயருக்கும் மாமனாரின் பெயருக்கும் இதே தடைதான். ஒரு தலைமுறை முன்புவரை கணவரின் பெயரை ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லச் சொன்ன பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆகவே பிள்ளைக்கு ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். வாயில் வழங்கும் பெயரைப் பெரும்பாலும் தாய்தான் வைத்தாள், யாரையும் கேட்காமல், நாள் நட்சத்திரம் பாராமல். பட்டு, குஞ்சு, அம்மாளு, ராசாத்தி, செல்லம், தங்கம், பாப்பா.

இந்த வரிசையில் பாப்பா மிகவும் எளிமையானது. மற்றவையெல்லாம் ஏதோ ஒன்றோடு சேர்த்துக் கொஞ்சுகின்றன. பட்டு என்றால் துணி, தங்கம் என்றால் நகை, ராசாத்தி என்றால் அரண்மனை. பாப்பா யாரோடும் சேர்த்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தம்பி தங்கைகள் பிறந்த பிறகு அந்தப் பெயர் புதிய குழந்தைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் வாங்கியவளிடமே நின்றுவிட்டது. அடுத்தவள் சின்னப்பாப்பா ஆனாள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் பிச்சையம்மாள், குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் போதும்பொண்ணு, வேண்டாம் என்றுகூட வைத்தார்கள். அந்தப் பெயர்களைச் சுமந்து பள்ளிக்கூடம் போய் வருகைப்பதிவில் "உள்ளேன் ஐயா" சொன்ன பெண்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பெயர்களும் இந்த மண்ணில் வைத்தவைதான், பாப்பாவும் இந்த மண்ணில் வைத்ததுதான். அதனால்தான் ஒரு பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்ட வீட்டை நான் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பார்க்கிறேன்.

இந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து நாட்டுக்கே சொந்தமாக்கியவர் பாரதி. புதுச்சேரியில் இருந்தபோது அவருடைய இளைய மகள் சகுந்தலாவை வீட்டில் பாப்பா என்றுதான் அழைத்தார்கள். பாரதிக்கே வீட்டுப் பெயர் சுப்பையா. ஒரு சுப்பையா ஒரு பாப்பாவுக்குச் சொல்வதுபோல் எழுதிய பாட்டு 1915இல் சுப்பிரமணிய சிவாவின் "ஞானபாநு" இதழில் வந்தது. இன்று பள்ளிகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆனால் சாதியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும் "இல்லையடி"யைக் கவனியுங்கள். அவர் முன்னால் நின்றது ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அடக்கமாக உட்கார் என்று அவர் சொல்லவில்லை. ஓடு, ஓய்ந்திருக்காதே என்றார். தீமை செய்பவனைக் கண்டால் பயப்படாதே, மிதித்து உமிழ்ந்துவிடு என்றார். வாசலைத் தாண்டினால் அடி விழும் என்றிருந்த காலத்தில் ஒரு பாப்பாவுக்கு இந்தப் பாடம்.

அந்தப் பாட்டு வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1931 ஆகஸ்ட் 5 அன்று, காரைக்கால் பக்கத்தில் கோவில்பத்து என்ற ஊரில் தனலட்சுமி பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே இறந்துவிட்டார். கையில் குழந்தைகளோடு தாயார் பிழைப்புத் தேடித் திருச்சி பொன்மலைக்கு வந்தார்.

பொன்மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928இல் அதைப் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பாறைக் குன்றைச் சுற்றிப் பணிமனையும், வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பும், சந்தையும், மைதானமுமாக ஓர் ஊர் எழுந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஆண்கள். சங்கு ஊதினால் உள்ளே போவார்கள், சங்கு ஊதினால் வெளியே வருவார்கள். சமைத்துப் போட ஆள் வேண்டும். கணவனை இழந்து வந்த பெண்ணுக்குத் தெரிந்த தொழில் சமையல். தொழிலாளர்களுக்குச் சோறு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். சாப்பிட வந்தவர்களின் காலைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறுமி. சங்கக் கூட்டம் நடந்தால் அங்கேயும் அவள்தான் முன்வரிசை. ஊர்வலம் என்றால் கொடியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில். தங்கள் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்த அந்தத் தொழிலாளர்கள் அவளைப் பாப்பா என்றார்கள்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பொதுவாக இந்தப் பெயரைத் தாய் வைப்பாள், அல்லது பாட்டி வைப்பாள். இவருக்கு ஒரு தொழிற்சாலையே வைத்தது. கரியும் எண்ணெயும் படிந்த கைகளோடு சாப்பிட உட்கார்ந்த ஆண்கள் வைத்தார்கள். அதனால் அவர் வளர்ந்து கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போனபோதும் பெயரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அது பிறந்தகத்துப் பெயராக இருந்ததே இல்லை.

பன்னிரண்டு வயதில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டு கைதாகி, வயது போதவில்லை என்று விடுவிக்கப்பட்டார். 1945இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தம். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பெயர் வைத்தவர்கள் நடந்த மண்ணில் ரத்தம் சிந்தியபோது பாப்பாவுக்குப் பதினைந்து வயது. அந்தத் தேதியில் இன்றும் பொன்மலையில் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது.

1948இல் கட்சி தடை செய்யப்பட்டது. தாயும் மகளும் தலைமறைவாகச் சென்னையில் இருந்து வேலை செய்தார்கள். 1950இல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். உள்ளே அரசியல் கைதிகளுக்கான உரிமை கேட்டு உண்ணாவிரதம். தாயார் லட்சுமி அம்மாள் அந்த உண்ணாவிரதத்திலேயே இறந்துபோனார். அதே சிறையில் இருந்த மகள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கேட்டார். கட்சியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பார்க்கவில்லை.

இதை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதற்குமேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். இருபது வயதுகூட நிறையாத பெண். உலகத்தில் அவரைப் பெற்றவர் என்று இருந்தது அந்த ஒருவர்தான். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாப்பா என்ற பெயரைக் கேட்டவுடன் மென்மையை மட்டும் நினைப்பவர்கள் இந்தச் சிறைக்கொட்டடியையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1952இல் அவருக்கும் தோழர் ஆர். உமாநாத்துக்கும் திருச்சியில் திருமணம் நடந்தது. தலைமை தாங்கியவர் பெரியார். உமாநாத் பிற்பாடு புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் 1962இலும் 1967இலும் வென்றார். கணவர் பெயர் பின்னால் சேர்ந்தது; முன்னால் இருந்த பாப்பா அசையவில்லை. 1973இல் மதுரையின் கே.பி. ஜானகி அம்மாளோடு சேர்ந்து தமிழகத்தில் ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கினார். 1981இல் சென்னையில் அது அகில இந்திய அமைப்பாக உருவெடுத்தபோதும் முன்னணியில் நின்றார். 2010 டிசம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். மகள் உ. வாசுகி இன்று அதே இயக்கத்தில் அறியப்பட்ட தலைவர். அவருக்கு வைத்தது ஒழுங்கான, இலக்கியம் மணக்கும் பெயர். எந்தச் செல்லப் பெயரும் அதன்மேல் ஏறி உட்காரவில்லை.

ஏன் சிலருக்கு மட்டும் செல்லப் பெயர் நிலைக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. ஊர் ஒருவரை முதன்முதலில் எந்த வயதில் பார்க்கிறதோ, அந்த வயதின் பெயரையே பிடித்துக்கொள்கிறது. படித்து முடித்து, பட்டம் வாங்கி, முப்பது வயதில் மேடையேறுகிறவருக்கு முழுப்பெயர் அதற்குள் தயாராக இருக்கும். பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் வேலைக்கு வந்து நின்றவர்களுக்குக் கையில் இருந்தது வீட்டுப் பெயர்தான். அதோடு வந்தார்கள். அதுவே நின்றது. செல்லப் பெயரோடு வரலாற்றில் ஏறிய பெண்களைப் பார்த்தால், அநேகமாக எல்லோரும் அளவுக்கு மீறிச் சீக்கிரம் உழைக்கத் தொடங்கியவர்கள்.

சங்கீதத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1919இல் காஞ்சிபுரத்தில் தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதருக்குப் பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் பட்டா. பத்து வயதில் சென்னை வானொலியில் பாடினாள். அந்தக் குடும்பப் பெண்கள் வெளியில் பாடுவதை யாரும் நினைத்தும் பார்க்காத காலம். 1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. இடையில் எங்கும் அலமேலு தலைகாட்டவில்லை. பட்டா நேராகப் பட்டம்மாள் ஆகிவிட்டார். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் தம்பிகளோடு உட்கார்ந்து, மறந்துபோவதற்குள் பாடிப் பாடி நிலைநிறுத்திக்கொண்ட குழந்தை அது. ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்றிருந்த மேடையில் துணிந்து பல்லவி பாடியவர். பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் பெற்றார். 1947இல் சுதந்திரம் வந்த இரவில் வானொலியில் பாரதியின் பாட்டைப் பாடியதும் இந்தக் குரல்தான். அலமேலு என்ற பெயர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு நேர்மாறாக நடந்தது. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாக 1916இல் பிறந்தவரை வீட்டிலும் நெருங்கிய வட்டத்திலும் குஞ்சம்மா என்றார்கள். பத்து வயதில் இசைத்தட்டுக்குப் பாடிவிட்டார். என் கணக்குப்படி பார்த்தால் அவர் குஞ்சம்மாவாகவே நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. முழுப்பெயரை உலகத்துக்குக் கொடுத்துவிட்டுக் குஞ்சம்மாவைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். 1966இல் ஐ.நா. சபையில் பாடியவர் சுப்புலட்சுமி, 1998இல் பாரத ரத்னா பெற்றவர் சுப்புலட்சுமி. குஞ்சம்மாவை அறிந்தவர்கள் சிலரே. அவரைப் பற்றிப் பிறர் எழுதியதில் எங்காவது அந்தப் பெயர் வந்தால், எழுதியவர் அந்த வீட்டுக்குள் போய் வந்தவர் என்று எனக்குப் புரிந்துவிடும்.

சங்கீத உலகில் பாப்பாவும் உண்டு, ஆனால் இருவர் ஆண்கள். வயலின் வித்வான் கே.எஸ். வெங்கடராமையாவை யாரும் வெறுமனே அப்படிச் சொல்வதில்லை, பாப்பா வெங்கடராமையா. சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், குழந்தையாக இருந்தபோது கிடைத்த பெயரைக் கடைசிவரை முன்னால் வைத்துக்கொண்டார். திரைப்பட இசையமைப்பாளர் டி.ஆர். பாப்பாவின் இயற்பெயர் சிவசங்கரன். திருத்துறைப்பூண்டிக்காரர். அரசியலிலும் குளித்தலையில் 2011இல் வென்ற அ. பாப்பாசுந்தரத்தைச் சொல்லலாம். கைக்குழந்தைக்கு ஆண் பெண் வேறுபாடில்லாமல் வழங்கும் பெயர் என்பதால் ஆண்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ஓர் ஆண் பையன் நடக்கத் தொடங்கியதும் தம்பி ஆகிவிடுகிறான், ராசா ஆகிவிடுகிறான். பெண்ணிடம்தான் பாப்பா தங்குகிறது.

வயதோடு சேர்ந்து இந்தப் பெயருக்கு ஓர் "அம்மாள்" ஒட்டிக்கொள்ளும்போது பாப்பம்மாள் ஆகிறது. குழந்தையும் தாயும் ஒரே பெயரில் உட்கார்ந்திருக்கும் விந்தை இது. கோவை மாவட்டம் தேவராயபுரத்தில் 1914இல் பிறந்த ரங்கம்மாளை உலகம் பாப்பம்மாளாக அறிந்தது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மேட்டுப்பாளையம் அருகே பவானிக் கரையில் இருக்கும் தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டிக்கு ஒரு மளிகைக் கடை. அது கைக்கு வந்ததும் கூடவே சாப்பாட்டுக் கடை போட்டார். கல்லாவில் சேர்த்த காசில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். ஒரு பெண், அந்தக் காலத்தில், சொந்தச் சம்பாத்தியத்தில், பத்து ஏக்கர். அதை அவர் வாயால் சொல்லும்போது வியப்பே இல்லாமல் சொல்வார். காய்கறி வாங்கினேன் என்பதுபோல.

வயது ஏற ஏற நிலம் இரண்டரை ஏக்கராகக் குறைந்தது, உழைப்பு குறையவில்லை. வாழை, பயறு, காய்கறி என்று ரசாயனம் இல்லாமல் விளைவித்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கூட்டங்களுக்குப் போய் விஞ்ஞானிகளிடம் கேள்வி கேட்டார். உள்ளாட்சிப் பதவிகளிலும் இருந்திருக்கிறார், தி.மு.க.வின் நெடுநாள் உறுப்பினர். நூறு வயதைக் கடந்தும் விடியலில் எழுந்து தோட்டத்துக்குப் போனார். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது பட்டியலில் ரங்கம்மாள் என்று தேடியிருந்தால் கிடைத்திருக்காது. பாப்பம்மாள் என்றுதான் அறிவித்தார்கள். அதே ஆண்டு கோவை வந்த பிரதமர் மோடி அவர் முன் குனிந்து வணங்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம். 2024 செப்டம்பரில் தி.மு.க. அவருக்குப் பெரியார் விருது கொடுத்தது. அந்த மாதமே 27ஆம் தேதி காலமானார். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே மூதாட்டியைக் கொண்டாடின, ஒரே பெயரைச் சொல்லி.

இந்த இடத்தில் மதுரை புல்லுச்சேரி சின்னப்பிள்ளையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடையது செல்லப் பெயர் வகையில் சேராது என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டிக் கூலி பேசி வாங்கிக் கொடுத்தவர், களஞ்சியம் இயக்கத்தில் கிராமத்துப் பெண்களைச் சேமிக்க வைத்தவர். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். சரியாக இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பிரதமர்கள் இரண்டு தமிழ்க் கிராமத்துப் பெண்களை வணங்கினார்கள். ஒருவர் சின்னப்பிள்ளை, மற்றவர் பாப்பம்மாள். குழந்தைப் பெயர் வைத்திருந்த இரண்டு கிழவிகள்!

பாப்பாவின் இடத்தைப் பேபி பிடித்தது சினிமாவால். 1937இல் வந்த "பாலயோகினி" படத்தில் நடித்த பேபி சரோஜாவைப் பார்த்துவிட்டு ஊரெங்கும் பிறந்த பெண்களுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அவரே 1939இல் "தியாகபூமி"யிலும் நடித்தார். அந்தப் படத்தில் தேசத் தொண்டுக்கு அழைக்கும் பாட்டைப் பாடியவர் பட்டம்மாள். திரையில் பேபி, குரலில் பட்டா. அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது. பிறகு நகரத்து வீடுகளில் பேபி பெருகியது. இப்போது அறுபது வயதுப் பேபி அத்தைகளும் பேபிச் சித்திகளும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரோடு சண்டை எதுவும் இல்லை. பாப்பாவுக்கு இருந்த ஊர் வாசம் அதில் இல்லை என்று மட்டும் தோன்றும்.

இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு மருத்துவமனைக் கையில் கட்டும் பட்டையில் தாயின் பெயர்தான் இருக்கிறது, இன்னாரின் குழந்தை என்று. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும் அதன் பிறகு பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள்தான் பெயர் ஏட்டில் ஏறும் நாள். வாத்தியார் கேட்பார், கூட வந்தவர் சொல்வார். தாத்தா கூட வந்தால் முழுப்பெயர் ஏறும், அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்தால் வீட்டுப் பெயர் ஏறிவிடும். நாட்டில் எத்தனை பாப்பாக்கள் இப்படி உருவானார்கள் என்பதற்குக் கணக்கே இருக்காது.

எங்கள் பாப்பா அத்தை பள்ளிக்கூடமே போகவில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அத்தைக்கு வைத்த பெயர் மீனாட்சி. அது எங்கள் ஆச்சியின் மாமியார் பெயர். ஆச்சி தன் ஆயுளில் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அத்தை தலைமகள். கீழே ஐந்து பேர். ஆச்சியோடு உட்கார்ந்து சின்ன வயதிலேயே பீடி சுற்றத் தொடங்கிவிட்டார். மடியில் முறம், முறத்தில் நறுக்கிய இலை, ஓரத்தில் தூள், விரலில் நூல். பேசிக்கொண்டே சுற்றுவார், கண் முறத்தில் இருக்காது. இலையை உருட்டி, நுனியை இரும்புக் குச்சியால் மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பது ஒரே அசைவாக முடியும். அந்தக் கூலியில் என் அப்பா படித்தார். கம்பெனிக் கணக்கில் பெயர் எழுத வந்தவர் "பெயர் என்ன?" என்று கேட்டதற்கு வீட்டில் எல்லோரும் சொன்னது பாப்பா. அப்படியே எழுதிக்கொண்டார்.

வருங்கால வைப்பு நிதியை வாங்கும் வயது வந்தபோது சிக்கல் வந்தது. கணக்கு பாப்பா பெயரில். ரேஷன் அட்டையும் ஆதாரும் மீனாட்சி பெயரில். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்பது கணினியின் முடிவு. நாற்பது ஆண்டு பீடி சுற்றிய கையை நீட்டி, "இந்தக் கைதான் ஐயா" என்று அத்தை சொன்னது அங்கே எந்தப் படிவத்திலும் அடங்கவில்லை. அத்தையை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்; அன்று வீடு திரும்பும்வரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கினோம். நம் பத்திரங்களில் இதற்கென்று ஓர் எழுத்து இருக்கிறது. என்கிற என்பதைச் சுருக்கி, அடைப்புக்குறிக்குள் ஒரு "எ" போடுவார்கள். மீனாட்சி (எ) பாப்பா. கிரயப் பத்திரம், பட்டா, வாக்காளர் பட்டியல், கோவில் வரிக் கணக்கு, சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் அந்த ஓர் எழுத்து வேலை செய்கிறது. அஞ்சலிச் சுவரொட்டியில் அது இல்லையென்றால் இறந்தது யார் என்று தெருவுக்கே தெரியாது.

வீட்டில் இப்படி இரண்டு பெயரோடு பெரியவர்கள் இருந்தால், அவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்தச் சான்றை வாங்கி வைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வைப்பு நிதி மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றால் அரசிதழில் பெயர் மாற்றமும் வெளியிடலாம். ஆனால் அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டதற்கு, மீனாட்சி என் பாட்டி பெயர், பாப்பா என் பெயர், இரண்டும் இருக்கட்டும் என்றார். எழுதத் தெரியாதவர், இரண்டு பெயரையும் கையெழுத்தாகப் போடப் பழகிக்கொண்டார். படிவத்தில் இருந்த ஒரே கோட்டின் மேல் இரண்டையும் எழுதினார். இடம் போதாமல் பாப்பா ஓரத்துக்குப் போய்விட்டது. பணம் வந்து சேர்ந்த வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் மேலாளரிடம் சொல்லி இரண்டு பெயரையும் ஏற்ற வைத்தார்.